ஒரு சாண் விமானம்

கேள்வி: ஐம்பது வயதில் என் கணவர் பிளாஸ்டிக் விமானத்தை ஒட்டி, பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கிறார். செய்து முடித்த பொம்மையாகவே வாங்கிவிட்டால் என்ன?

பதில்: வாங்கலாம். ஆனால் சுகமே அந்த அவஸ்தையில்தானே! 11 மீட்டர் இறக்கை விரிப்புள்ள ஸ்பிட்ஃபயர் போர் விமானம், 72இல் ஒரு பங்கானால் ஒரு சாண்கூடத் தேறாது. உள்ளே இருக்கும் விமானியின் மூக்குக்கும் வண்ணம் தீட்டியாக வேண்டும். அவர் ஒட்டும் பசையும் சாதாரணமானதல்ல; பிளாஸ்டிக்கையே கரைத்து இரண்டு துண்டுகளையும் ஒன்றாக்கிவிடும். தப்பாக ஒட்டினால் விவாகரத்து கஷ்டம்! 1977இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் விண்கல மாதிரிகளின் மேல் ஒட்டியிருந்தவற்றில் பல, இத்தகைய டாங்கி, விமான கிட்களின் உதிரிபாகங்கள்தான். எனவே, மிஞ்சிய துண்டுகளைக் குப்பையில் கொட்டிவிடாதீர்கள். அவர் ஒட்டும்போது ஜன்னலை மட்டும் திறந்து வையுங்கள். அந்த நெடி உடம்புக்கு ஆகாது.