நடுவீட்டில் ஸ்பானியல்: ஒரு பழமொழிக்கு மறுப்புரை

நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைப்பது குறித்துத் தமிழர் கைவசம் உள்ள மூல நூல் ஒரே ஒரு பழமொழிதான். அதை இயற்றியவர் நாய் வளர்த்தவரா என்பது பலத்த ஐயத்துக்குரியது. குளிப்பாட்டலுக்கும் நடுவீட்டுக்கும் இடையே துவட்டல், சிக்கெடுத்தல், காது துடைத்தல் எனப் பெரும் கண்டமே கிடக்கிறது. அவரோ அதைப் பற்றி வாயே திறக்காமல் நேரே வாலுக்குத் தாவிவிட்டார்.

காரணம் ஊகிக்கக் கூடியதே. அவர் பார்த்தது ராஜபாளையமாகவோ சிப்பிப்பாறையாகவோ கன்னியாகவோ இருக்கலாம். எல்லாம் தோலோடு ஒட்டிய குட்டை ரோமம். இரண்டு செம்பு தண்ணீர், ஒரு உதறல், தீர்ந்தது. அவர் கையில் ஒரு காக்கர் ஸ்பானியல் குட்டியைக் கொடுத்திருந்தால் பழமொழி முதல் பாதியிலேயே மூச்சு வாங்கி நின்றிருக்கும்.

இனி, நடுவீடு. மும்பை மாட்டுங்காவின் ஒற்றைப் படுக்கையறை ஃபிளாட்டில் அப்படி ஓர் இடம் கிடையாது. சோபாவிலிருந்து எழுந்தால் வாசல், திரும்பினால் அடுக்களை. எனவே எங்கள் ஆய்வுக்கூடம் வாஷிங் மெஷினின் தலை. வழுக்காமல் இருக்க மேலே ஒரு ரப்பர் விரிப்பு. ஆய்வுப் பொருள் கேசரி என்னும் எட்டு மாதப் பெண் குட்டி. நிறம் பெயருக்குப் பொருத்தம், நெய் மினுமினுப்பு உட்பட.

இந்த இனத்தின் ரோமப் பங்கீட்டில் நீதி என்பதே இல்லை. முதுகில் படிந்த பட்டு. காது, நெஞ்சு, வயிறு, கால்களின் பின்புறம் எங்கும் தொங்கும் குஞ்சம். இங்கிலாந்தில் புதருக்குள் பதுங்கும் உட்காக் பறவையைக் கிளப்பிவிடுவதுதான் இதன் மூதாதையர் உத்தியோகம்; பெயரும் அந்தப் பறவையிடமிருந்தே வந்தது. 1873-ல் தொடங்கிய லண்டன் கென்னல் கிளப் 1890-களில் இதைத் தனி இனமாக ஏற்றது. முள்ளும் ஈரமும் தோலைத் தொடாமல் காக்கவே இத்தனை ரோமம். மாட்டுங்காவில் முட்புதரும் இல்லை, உட்காக்கும் இல்லை. ஏசி பெட்டி மேல் குடித்தனம் நடத்தும் புறாதான் உண்டு. அதைக் கிளப்ப இவ்வளவு சிங்காரம் தேவையில்லை.

ஈரத்துக்கோ குறைவில்லை. மும்பையில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை, பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பருக்குள். அந்த நான்கு மாதமும் பாப்பட் நமுத்துப்போகிற ஊரில், மூடியே கிடக்கும் ஒரு காதின் உள்நிலை என்னவாகும்? பூஞ்சைக்கு வாடகையில்லா வீடு. காதைத் தூக்கி மோந்து பார்க்கையில் புளித்த மாவு வாடை அடித்தால், ஆய்வை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டியதுதான்.

பழமொழியின் பெரும்பிழைக்கு வருகிறேன். அது குளியலை முதலில் வைக்கிறது. சிக்கெடுக்காமல் தண்ணீர் ஊற்றினால், காதுக்குப் பின்னாலும் அக்குளிலும் உள்ள சிக்கு, காயும்போது கம்பளியாக இறுகிவிடும். பிறகு சீப்புக்கு வேலையில்லை, கத்திரிக்கே வேலை. எனவே முதலில் சீப்பு. அதுவும் மேலாக ஓட்டினால் போதாது. மேல் ரோமம் வழவழவென்று பொய்சாட்சி சொல்லும். இடது கையால் ரோமத்தை மேலே தூக்கிப் பிடித்து, மெல்லிய அடுக்காக இறக்கி, தோல் தெரியும்வரை வேரிலிருந்து வார வேண்டும். முடிச்சு கிடைத்தால் அதன் அடியில் விரலை அணைகொடுத்து, ஒரு சிட்டிகை சோளமாவு தூவி, நுனியிலிருந்து பிரித்துக்கொண்டே வர வேண்டும். அணைகொடுக்காவிட்டால் இழுபடுவது தோல். கடிபடுவது நாம்.

ரோமத்தைக் குறைப்பதில் இரு கலைகள் உண்டு: பறிகலை, வெட்டுகலை. மாட்டுங்காவாசிகளுக்குக் கலைச் சண்டை புதிதல்ல. வடகலை, தென்கலை வாதத்தில் குரங்குக்குட்டி தாயைப் பற்றிக்கொள்ளும் மர்க்கட நியாயமும், பூனை குட்டியைக் கவ்விச் செல்லும் மார்ஜார நியாயமும் பேசப்பட்டன. நாய்க்குட்டி நியாயத்தை ஆசாரியர்கள் ஏனோ விட்டுவிட்டார்கள். அதன்படி ஜீவன் சீப்பைப் பல்லால் பற்றிக்கொள்ளும்; அதையும் சீப்பையும் சேர்த்து நாம்தான் சுமக்க வேண்டும்.

பறிகலையார் வாதமே வலுவானது. குட்டிப்பருவத்தின் மங்கிய பஞ்சு ரோமம், பெரிய ரோமம் வரும்போது வேரில் தளர்ந்திருக்கும். தலையிலும் முதுகிலும் அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே பிடித்து, வளர்ந்த திசையிலேயே இழுத்தால் வலியில்லாமல் வரும். வழுக்கினால், நோட்டு எண்ணக் கேஷியர்கள் விரலில் மாட்டும் ரப்பர் தொப்பி உதவும். ஓய்வுபெற்ற வங்கிக்காரர்கள் மலிந்த செம்பூரில் இதற்குப் பஞ்சமிருக்காது. முடிவெட்டும் மெஷினோ மேல் ரோமத்தை வெட்டி அடி ரோமத்தை விட்டுவைக்கும். பளபளப்பு போய், கம்பளி வந்து சேரும்.

நிபுணர் கருத்துக்காகத் தாராவியில் சலூன் வைத்திருக்கும் திருநெல்வேலி அண்ணாச்சியிடம் கேசரியின் படத்தைக் காட்டினேன். "மண்டையில ஒண்ணுமில்ல சார், சமாச்சாரம் பூரா காதுலல்லா இருக்கு" என்றார். "மெஷினப் போட்டியன்னா பொறவு என்னயக் குத்தம் சொல்லப்படாது." ஒரு பக்கம் பல் வைத்த கத்திரியை எடுத்துக் காட்டி, கழுத்தோரம் ஒரு வெட்டு, ஒரு சீப்பு, ஒரு பார்வை என்று முறை சொன்னார். கல்வி நிலையங்களில் இவ்வளவு சுருக்கமாக ஆய்வுநெறி கற்பித்து நான் பார்த்ததில்லை. காதின் மேல் மூன்றிலொரு பங்கில் மட்டும், உள்ளும் புறமும், மெஷின் ஓட்டலாம். காற்று புகும் வழி அது. இரு கலையாரும் கைகுலுக்கும் ஒரே இடமும் அதுதான்.

குளியல் பொருள் பற்றி எதிர்வீட்டு மாமிக்கு மாற்றுக் கருத்து உண்டு. "ஏண்டா, அதுக்கும் சீயக்காயே தேய்க்கப்படாதோ? உன் தலைக்கு நான் அதைத்தானே தேய்ச்சேன்?" என் தலையின் இன்றைய நிலவரத்தை வைத்து அந்தச் சான்றை ஏற்க இயலவில்லை. தவிர, பொடி ரோமத்தின் அடியில் தங்கினால் அலசி மாளாது. நம் ஷாம்பூவும் ஆகாது. நாய்த் தோலின் அமிலத்தன்மை நம்முடையதைவிடக் குறைவு.

முடிவுகளை மதிப்பீட்டுக்கு அனுப்பும் இடம், பக்கத்துப் பார்சி காலனியின் ஃபைவ் கார்டன்ஸ். நாய் விவகாரத்தில் தீர்ப்புச் சொல்ல இந்த ஊரில் பார்சிகளைவிடத் தகுதியானவர் யார்? இறுதிச் சடங்கிலேயே நாயின் பார்வைக்கு இடம் தரும் மதம். 1832-ல் தெருநாய்களைக் கொன்றதை எதிர்த்துப் பம்பாயில் கலகமே செய்த சமூகம். முதல் மதிப்பீட்டாளர், கைத்தடி வைத்த பாட்டி, கால் குஞ்சத்தை அநியாயமாகக் குறைத்துவிட்டதாகச் சொன்னார். இரண்டாமவர், தொப்பி போட்ட பெரியவர், இன்னும் குறைத்திருக்க வேண்டும் என்றார். பிறகு இருவரும் என்னை மறந்து தங்களுக்குள் குஜராத்தியில் வாதாடத் தொடங்கினார்கள். கட்டுரை இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.