ரங்கூன் பெட்டி

எங்கள் வீட்டில் சாமிக்கு அடுத்தபடி மரியாதை, ஐயா பர்மாவிலிருந்து கொண்டுவந்த தேக்குப் பெட்டிக்குத்தான். ரங்கூனில் ஒரு வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக இருந்தவர் அவர். 1942-ல் ஜப்பான்காரன் வந்தபோது நம்மவர்கள் லட்சக்கணக்கில் கால்நடையாகக் கிளம்பினார்கள். ஐயாவோ காய்ச்சலில் படுத்து அங்கேயே தங்கிவிட்டார். 1946-ல் தேவகோட்டையில் வந்து இறங்கியபோது கையில் இந்தப் பெட்டி. மறுநாளே அதற்கொரு திண்டுக்கல் பூட்டு. சாவி அரைஞாண் கயிற்றில்.

உள்ளே இருப்பது மோகோக் மாணிக்கம் என்பார் அப்பா. பர்மாக்காரி ஒருத்தியின் போட்டோ என்பது அப்பத்தாவின் கட்சி. அந்தச் சந்தேகத்திலேயே நாற்பது வருஷம் ஐயாவுக்குக் குழம்பில் உப்புக் குறைந்தது. பெட்டியை யாருக்கும் திறந்து காட்டாமலேயே அவர் கண்ணை மூடினார். சாவியும் அவரோடு போயிற்று.

போன மாதம் வீட்டை விற்கும் வேளை வந்தது. பூட்டை உடைக்கப் பக்கத்து வீட்டுப் பால்ய நண்பனைக் கூப்பிட்டேன். ஆறாம் வகுப்பிலேயே கொடுக்காப்புளிக்கு வட்டி வாங்கியவன். அதனால் பெயரே ‘கணக்கு’. சிறு வயதில் அந்தப் பூட்டில் ஆணி, ஊக்கு, அவன் அக்காவின் கொண்டை ஊசி எல்லாம் விட்டுப் பார்த்து வாங்கிய உதையில் இருவருக்கும் சமபங்கு உண்டு.

ரம்பத்தால் அறுத்துத் திறந்தோம். கட்டுக்கட்டாக நூறு ரூபாய்! கணக்குக்குப் பேச்சு நின்றுவிட்டது. நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். ரூபாய்தான், ஆனால் அச்சடித்தது ஜப்பான் அரசாங்கம். வரிசை எண்கூட இல்லை. 1945-ல் வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் செல்லாமல் போன பணம்.

செல்லாக்காசுக்கு எதற்குத் திண்டுக்கல் பூட்டு?

விடை அடியில் கிடந்த குறிப்பேட்டில் இருந்தது. அத்தை கல்யாணத்துக்கு 500, கிணறு வெட்ட 300, அப்பா படிப்புக்கு 200. தெருவே ஐயாவுக்குக் கடன் கொடுத்திருக்கிறது. ரங்கூன் பெட்டி இருக்கையில் பணம் எங்கே போய்விடும் என்ற தைரியம்! திறக்காதவரைதான் ஈடு என்பது பெட்டியடியில் பழகியவருக்குத் தெரியாதா? ஒவ்வொரு கடனையும் அடைத்துக் கோடு போட்டிருந்தார்.

ஒன்றைத் தவிர. ‘பக்கத்து வீடு, ரூ.50, 1951.’ அதாவது, கணக்கின் தாத்தா.

கணக்கின் உதடு முணுமுணுக்கத் தொடங்கியது. வட்டிக்கு வட்டி போடுகிறான் என்று புரிந்ததும், கட்டிலிருந்து ஒரு நூறை உருவி அவன் சட்டைப்பையில் செருகினேன்.

“மீதிச் சில்லறையை நீயே வச்சுக்கடா!”