இரண்டு ‘சீக்’

1996-ல் ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்தக் கடைக்கு பில் புரோகிராம் எழுதியதுதான் என் முதல் வேலை. ஒரே கணினி, அதில் ஃபாக்ஸ்புரோ. வாடிக்கையாளர் பெயருக்கு ‘லொகேட்’ கொடுத்தால் ஹார்ட் டிஸ்க் முதல் வரியிலிருந்து கரகரவென்று அரைக்கத் தொடங்கும். “தம்பி, மெஷினு ரொம்பச் சிரமப்படுதுங்களே” என்பார் கணக்குப்பிள்ளை. கம்ப்யூட்டர் படிக்காதவர், ஆனாலும் அந்த வேலைக்கு ஆகும் செலவு அவர் காதில் விழுந்தது.

பெயருக்கு இண்டெக்ஸ் கட்டி ‘சீக்’ என்று கொடுத்தேன். ‘டிக்’ என்று ஒரு சத்தம், பெயர் திரையில்.

அன்றைய டிஸ்க் நிமிடத்துக்கு 5400 சுற்று. அரைச் சுற்றுக்குக் காத்திருந்தாலே ஐந்தரை மில்லி நொடி. முள் நகர ஏறக்குறைய இன்னும் பத்து. நொடிக்கு அறுபது, எழுபது தடவைக்கு மேல் இடம் விட்டு இடம் தாவ முடியாது. தாவலை எண்ணி எண்ணித்தான் புரோகிராம் எழுதினோம். பேயரும் மெக்ரைட்டும் 1972-ல் விளக்கிய பி-ட்ரீ அதற்காகவே பிறந்தது: ஒரு கோடி வரியில் ஒன்றைப் பிடிக்க நாலைந்து பக்கம் புரட்டினால் போதும். இன்றைய இண்டெக்ஸும் பெரும்பாலும் அதே மரம்தான்.

போன வருஷம் சென்னையில் ஒரு நிறுவனம். டிஸ்க்கில் சுற்றுவதற்கு எதுவுமில்லை, நொடிக்கு லட்சக்கணக்கில் படிக்கும். ஆனால் 500 பில் காட்டும் பக்கம் திறக்க ஆறு நொடி. லாக்கைப் பார்த்தோம்: 501 குவெரி. பில்களுக்கு ஒன்று, பிறகு ஒவ்வொரு பில்லின் வாடிக்கையாளர் பெயருக்கும் தனித்தனியாக ஒன்று. எழுதியவரின் லேப்டாப்பிலேயே டேட்டாபேஸும் இருந்ததால் அங்கே தெரியவில்லை. இங்கே சர்வர் ஓர் ஊர், டேட்டாபேஸ் வேறு ஊர். ஒருமுறை போய்வர 12 மில்லி நொடி. பெருக்கிப் பாருங்கள். ஜாயின் போட்டு ஒரே குவெரியாக்கியதும் பக்கம் உடனே வந்தது.

அடுத்தது அன்றாட வசூல் ரிப்போர்ட். தேதி நேரம் இரண்டும் சேர்ந்த நெடுவரிசையில் இண்டெக்ஸ் இருக்கிறது, ஆனாலும் ஆமை வேகம். “இண்டெக்ஸ் இருக்கே சார்” என்றாள் உடன் வேலை செய்த பெண். போஸ்ட்கிரெஸ்ஸில் ‘எக்ஸ்பிளெயின் அனலைஸ்’ ஓட்டச் சொன்னேன். திரையில் ‘சீக் ஸ்கேன்’.

எனக்கு ஒரு கணம் ஈரோடு ஞாபகம் வந்தது. அன்று சீக் என்றால் நேரே போய் எடுப்பது. இந்த சீக், ‘சீக்வென்ஷியல்’ என்பதன் சுருக்கம். எண்பது லட்சம் வரியையும் முதலிலிருந்து படிப்பது, அதுவும் சத்தமே இல்லாமல். அந்தச் சத்தமின்மைதான் எனக்குப் பயம். வாடகை சர்வரின் பில்லில்தான் அது கடைசியில் கேட்கும்.

தேதியை மட்டும் பிரித்தெடுக்கும் ஃபங்ஷனை அந்த நெடுவரிசையின் மேல் போர்த்தியிருந்தார்கள். இண்டெக்ஸுக்கு அடையாளம் தெரியாமல் போய்விட்டது. அதை எடுத்துவிட்டு, இன்று நள்ளிரவு முதல் நாளை நள்ளிரவுக்கு முன்வரை என்று மாற்றி எழுதினாள். மறுபடி ஓட்டினாள்.

‘இண்டெக்ஸ் ஸ்கேன்.’

“அப்போ இவ்ளோ நாளா எல்லாத்தையும் படிச்சிட்டா இருந்துச்சு சார்?” என்று கேட்டுவிட்டு, அடுத்த ரிப்போர்ட்டைத் திறந்தாள்.