சித்தப்பாவின் 199 பங்காளிகள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு எங்கள் தெருமுனையில், பால் பூத்தை ஒட்டி, ஒரு வெள்ளை வேன் வந்து நிற்கும். முன்கண்ணாடியில் 'இலவச சைட் விசிட், மதிய உணவு உண்டு' என்று ஒட்டியிருக்கும். அதற்கு அரைமணி முன்னாலேயே இஸ்திரி போட்ட சட்டையும் தோளில் துண்டும் கையில் மஞ்சப்பையுமாக ஒருவர் அங்கே காத்திருப்பார். ஓய்வுக்காலப் பணம் வங்கியில் வந்து விழுந்து ஆறு மாதம் ஆகாத யாரும் அவராக இருக்கலாம். எங்கள் குடும்பத்தில் அவர் என் சித்தப்பா.

சித்தப்பா 34 வருடம் கருவூலத்தில் இருந்தவர். பில்லைத் திருப்பி அனுப்புவதில் மாவட்டம் முழுக்கப் பேர் வாங்கியவர். ரெவின்யூ ஸ்டாம்ப் கோணலாக ஒட்டியிருந்தால் திருப்பிவிடுவார். தொகையை எழுத்தில் எழுதி, கடைசியில் 'மட்டும்' போடாவிட்டால் திருப்பிவிடுவார். ஒரு தலைமையாசிரியர் பயணப்படி பில்லுக்காக அஞ்சு தடவை நடந்து, ஆறாவது தடவை அந்த நடைக்கும் சேர்த்துப் பயணப்படி கேட்டதாகக் கேள்வி. அதையும் சித்தப்பா திருப்பிவிட்டார்.

அப்பேர்ப்பட்டவர் 6 லட்சம் ரூபாயைக் கொடுத்துவிட்டு ஒரு வெள்ளைத்தாள் ரசீது வாங்கிக்கொண்டு வந்தார். அதில் 'மட்டும்' இல்லை.

வேன் முதலீட்டாளருக்கு விசாரிக்கத் தெரியாது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. துருவித் துருவி விசாரிப்பார். ஆனால் விசாரிப்பதெல்லாம் ஆளை. வேன் பரனூர் சுங்கச்சாவடியைத் தாண்டுவதற்குள் கூட வந்த விற்பனைப் பையனின் சொந்த ஊர், குலதெய்வம், அக்காவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்பது வரை சித்தப்பா கையில் வந்துவிட்டது. திட்டத்தை நடத்துகிற முதலாளியைப் பற்றியும் அறிக்கை தயார்.

"ரொம்ப நல்ல குடும்பம்டா. நெத்தியில விபூதி இல்லாம வெளிய வரமாட்டாராம். இந்தக் காலத்துலயும் தாயைத் தன்கூடவே வெச்சுக் காப்பாத்துறார்."

"தாய் அவர்கூட இருக்காங்க, சரி. தாய்ப்பத்திரம் யார்கூட இருக்கு சித்தப்பா?"

"உனக்கு எதுலயும் நம்பிக்கை கிடையாது" என்றார்.

அந்த சைட் அச்சிறுபாக்கம் தாண்டி, பிரதான சாலையிலிருந்து உள்ளே ஏழு கிலோமீட்டர். நானும் ஒருநாள் போனேன், சாப்பாட்டுக்காக என்றே வைத்துக்கொள்ளுங்கள். வளைவு, கலர் கொடிகள், வெள்ளையடித்த எல்லைக்கல், ஷாமியானா. முழங்கால் உயரத்தில் மாங்கன்றுகள். பெண் பார்க்கப் போகிற வீட்டில் கூடத்தை மட்டும் ஒழுங்கு பண்ணி வைத்திருப்பார்களே, அந்த மாதிரி முன்பக்கத்து ரெண்டு ஏக்கர் மட்டும் பளபளவென்று இருந்தது. பின்பக்கம் போகக் கேட்டால் "முள்ளு சார், பாம்பு வேற இருக்கும்" என்றார்கள்.

பன்னிரண்டரைக்குப் பிரியாணி. ஒரு மணிக்கு டோக்கன் அட்வான்ஸ். இந்த வரிசை மாறவே மாறாது. சாப்பிட்ட கையோடு பத்திரத்தைக் காட்டு என்று கேட்க நம்மவர்களுக்கு நாக்கு எழாது. 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்பதை எலும்பில் எழுதிக்கொண்டு பிறந்தவர்கள். ஒரு தட்டுப் பிரியாணிக்கு நன்றிக்கடனாக ஆயுள் சேமிப்பைக் கொடுப்பவர்களும் நாம்தான்.

திட்டம் இதுதான். மொத்தம் 20 ஏக்கர், 200 பங்கு. பங்குக்கு 10 சென்ட், விலை 6 லட்சம். நடுவது, தண்ணீர் விடுவது, காவல், அறுவடை, விற்பனை எல்லாம் கம்பெனி. பங்குதாரர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும், மாதம் 6 ஆயிரம் வந்துகொண்டே இருக்கும்.

நான் பிரியாணிப் பொட்டலக் காகிதத்தில் பெருக்கிப் பார்த்தேன். 200 பேருக்கு மாதம் 12 லட்சம். வருடத்துக்கு 1 கோடியே 44 லட்சம். ஒட்டு மாங்கன்று தெம்பாகக் காய்க்க நாலைந்து வருடமாவது ஆகும்.

"அப்போ முதல் வருஷம் காசு எங்கிருந்து வரும் சித்தப்பா?"

"அதை அவங்க பார்த்துக்குவாங்கடா. அதுக்குத்தானே கம்பெனி!"

சட்டம் கவலைப்பட்டது அந்த 'அவங்க பார்த்துக்குவாங்க'வைப் பற்றித்தான். பலர் பணத்தை ஒன்றாகச் சேர்ப்பது, லாபத்துக்காகப் போடுவது, சொத்தை வேறொருவர் நிர்வகிப்பது, அன்றாட நிர்வாகத்தில் பணம் போட்டவருக்குக் கை இல்லாமல் இருப்பது: இந்த நாலும் சேர்ந்தால் அது கூட்டு முதலீட்டுத் திட்டம் என்கிறது, பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபி அமைப்புக்கான சட்டத்தின் 11ஏஏ பிரிவு. செபியில் பதிவு செய்யாமல் அதை நடத்தக் கூடாது. 'நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம் சார், எல்லாம் நாங்களே' என்று நோட்டீசில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்களே, அந்த வரியே கிட்டத்தட்ட அந்தப் பிரிவின் தமிழாக்கம்தான்.

விற்பனைப் பையனிடம் செபி என்றேன். "அது ஷேர் மார்க்கெட்டுக்கு சார், இது மண்ணு" என்றான். ரேரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் என்றேன். மனைப்பிரிவாகவோ அடுக்குமாடியாகவோ இருந்தால், 500 சதுர மீட்டருக்கு மேல் அல்லது எட்டு வீட்டுக்கு மேல் போனாலே பதிவு வேண்டும். பதிவுக்கு முன்னால் விளம்பரமே கூடாது. பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் பத்து சதவீதத்துக்கு மேல் கை நீட்டக் கூடாது. வாங்குகிற பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் போட வேண்டும் என்று அடுக்கினேன். 'ப்ரீ லாஞ்ச் ஆஃபர்' என்று நம் கைபேசிக்கு வந்து விழுகிறதெல்லாம் இந்தச் சட்டத்தை நேருக்கு நேர் பார்த்துக் கண்ணடிக்கிற வேலை. பையன் சிரித்தான். "இது விவசாய நிலம் சார், ரேரா வராது." மண் என்பதால் செபி கிடையாது, விவசாயம் என்பதால் ரேரா கிடையாது. இரண்டு வீட்டுக்கும் பொதுவான சந்தில் நின்றுகொண்டு கடை போட்டிருந்தார்கள்.

மண்ணைக் காட்டிப் பணம் சேர்ப்பது புதிதல்ல. விவசாய நிலம் தருகிறோம் என்று நாடு முழுவதும் 5 கோடிக்கும் மேற்பட்டவர்களிடம் பணம் வாங்கிய பிஏசிஎல் நிறுவனத்துக்கு, 49,100 கோடி ரூபாயைத் திருப்பிக் கொடு என்று 2014-ல் செபி உத்தரவிட்டது. நிலங்களை விற்றுப் பணத்தைத் திருப்பித் தர 2016-ல் உச்ச நீதிமன்றம் முன்னாள் தலைமை நீதிபதி லோதா தலைமையில் குழு அமைக்கச் சொன்னது. நம் பக்கத்தில் தொண்ணூறுகளில் தேக்கு வந்தது, 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி ஓடியது. இதையெல்லாம் சொன்னால் சித்தப்பாவிடம் ஒரே பதில்தான்: "அது கோழிடா. கோழி சாகும். நிலம் சாகுமா?"

நிலம் சாகவில்லை என்பது உண்மைதான். இன்றைக்கும் அங்கேயேதான் இருக்கிறது.

முதல் பதினோரு மாதம் 6 ஆயிரம் தவறாமல் வந்தது. மொத்தம் 66 ஆயிரம். தன் பணத்தையே தவணையில் திருப்பி வாங்கிக்கொண்டிருக்கிறார் என்பது கருவூலக்காரருக்கு உறைக்கவில்லை. அந்தப் பதினோரு மாதமும் அவர் இருக்கிற பக்கம் போக முடியாது. பிக்சட் டெபாசிட் போடுகிறவர்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டார். ஆள் சேர்த்துவிட்டால் வெள்ளிக் குத்துவிளக்கு என்றார்கள். பழைய அலுவலக நண்பர்கள் இருவரையும், கோயிலில் கூட உட்காருகிற ஒருவரையும், கடைசியில் தன் சம்பந்தியையும் சேர்த்துவிட்டார். வேன் முதலீட்டாளர் வளர்ந்து முற்றினால் வேனில் ஆள் ஏற்றுபவராகிறார். இதற்குப் பயிற்சி எதுவும் தேவையில்லை, ரெண்டு மாத வட்டி போதும்.

பன்னிரண்டாவது மாதம் காசு வரவில்லை. அலுவலகத்துக்குப் போன் போட்டால் "சார் சைட்ல இருக்கார்." சைட்டுக்குப் போனால் "சார் ஆபீஸ்ல இருக்கார்."

அப்போதுதான் இரண்டு அம்மாக்கள் காட்சிக்குள் வந்தார்கள். அந்த 20 ஏக்கரில் 6 ஏக்கரைக் கம்பெனிக்கு விற்றவருக்கு இரண்டு தங்கைகள். அது அப்பன் பாட்டன் சொத்து, எங்கள் கையெழுத்து இல்லாமல் எப்படி விற்றான் என்று வழக்குப் போட்டிருந்தார்கள். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே திருத்தம் கொண்டுவந்தது, 2005-ல் நாடு முழுக்க வந்தது, 2020-ல் உச்ச நீதிமன்றம் அதை இன்னும் அழுத்திச் சொல்லிவிட்டது. அண்ணன்மார்களுக்கு மட்டும் தகவல் இன்னும் போய்ச் சேரவில்லை.

"வில்லங்கம் 30 வருஷத்துக்குப் போட்டுப் பார்த்தாச்சே, சுத்தமா இருந்ததே!" என்று சித்தப்பா புலம்பினார். வில்லங்கச் சான்று பதிவானதைத்தான் காட்டும். எந்தப் பத்திரத்திலும் கையெழுத்தே போடாத தங்கச்சி அதில் எப்படி வருவாள்? நிலுவையில் உள்ள எல்லா வழக்கும் அதில் ஏறிவிடாது, பதிவு செய்யாத உயிலும் வராது. வாரிசுச் சான்றை வாங்கிப் பார்த்து, யார் யார் கையெழுத்து விட்டுப்போயிருக்கிறது என்று தேடியிருக்க வேண்டும். 34 வருடம் விடுபட்ட கையெழுத்தைத் தேடியே சம்பளம் வாங்கியவரிடம் இதை எப்படிச் சொல்வது?

சரி, மிச்சம் 14 ஏக்கர் இருக்கிறதே, நம் 10 சென்ட்டைப் பிரித்து வேலி போட்டுக்கொள்வோம் என்று, ரசீதுக்குப் பின்னால் கம்பெனி எழுதிக் கொடுத்த பத்திரத்தை எடுத்துக்கொண்டு வக்கீலிடம் போனோம். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். "மேற்படி 20 ஏக்கரில் பொதுவில், பிரிபடாத 10 சென்ட்." செக்குபந்தி எங்கே என்று பார்த்தால், நாலு எல்லையும் 20 ஏக்கருக்குச் சொல்லியிருந்தது. சித்தப்பாவின் பத்து சென்ட்டுக்கு வடக்கும் கிடையாது, தெற்கும் கிடையாது. பட்டாவும் கூட்டுப் பட்டா. பிரிக்க வேண்டுமென்றால் பாகப்பிரிவினை வழக்கு. 199 பேரையும் அதில் சேர்க்க வேண்டும். சிலர் துபாயில், சிலர் காலமாகி வாரிசுகளாகப் பெருகிவிட்டார்கள்.

இங்கே ஒரு குடும்ப விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். ஊரில் பொதுக் கிணறு ஒன்று. அதில் மோட்டார் போடுகிற முறை செவ்வாய்க்கிழமையா புதன்கிழமையா என்கிற தகராறில் சித்தப்பா தன் அண்ணனோடு 18 வருடம் பேசாமல் இருந்தார். அந்த அண்ணன் என் அப்பா. 'பங்காளி உறவே ஆகாது' என்று தன் பாகத்தை விற்றுவிட்டு நகரத்துக்கு வந்த மனிதர், முகம் தெரியாத 199 பங்காளிகளைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார். விஷயம் தெரிந்ததும் அப்பா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அவங்களுக்கெல்லாம் எந்தெந்தக் கிழமை முறையாம்?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது பங்காளிகளுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. காலையில் ரோஜாப்பூவோடு வணக்கம், மத்தியானம் சண்டை. பாதிப் பேர் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுக்கலாம் என்கிறார்கள். மீதிப் பேர் "கேஸ் போட்டா அவர் கோபப்பட்டு காசு தரமாட்டார்" என்கிறார்கள். சித்தப்பாவுக்குப் பழைய தெம்பு திரும்பிவிட்டது. கம்பெனிக்கு எண் போட்டு ஆட்சேபக் கடிதம் எழுதுகிறார். முதல் ஆட்சேபம்: 'ரசீதில் தொகைக்குப் பின் மட்டும் என்ற சொல் காணப்படவில்லை.' கடிதம் 'முகவரியில் ஆள் இல்லை' என்று திரும்பி வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் அனுப்பியதை வேறொருவர் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

போன வாரம் வீட்டுக்கு வந்தார். காப்பி ஆறிக்கொண்டிருந்தது. என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "என் பங்கை நீயே எடுத்துக்கோடா. வெளியாளுக்குக் கொடுக்க மனசு வரல. உனக்குன்னா அஞ்சரைக்குத் தர்றேன்."

நான் எடுக்கவில்லை. பங்கு இன்னும் அப்படியேதான் இருக்கிறது. வேண்டுவோர் கேட்கலாம். வேனும் பிரியாணியும் கிடையாது.