ஆடில்லாத வீட்டுக்கு ஆட்டுநாய்

ஏலக்காய்க்கு நல்ல விலை கிடைத்த வருஷம் போடிநாயக்கனூர்க்காரருக்கு மூன்று ஆசை வரலாம்: வீட்டுக்கு மேல் ஒரு மாடி, வாசலில் ஒரு கார், காருக்குக் காவலாக ஒரு நாய். மாடிக்கு இன்ஜினீயரைக் கேட்போம், காருக்கு மச்சானைக் கேட்போம், நாய்க்கு மட்டும் யூடியூபைக் கேட்போம். அங்கே ஏதோ ஒரு ஸ்காட்லாந்து மலைச்சரிவில் கறுப்பு வெள்ளை பார்டர் கோலி நாய் ஒன்று வயிறு தரையில் உரசப் பதுங்கி வந்து, வெறும் பார்வையாலேயே ஒரு மந்தையைத் திருப்பிக்கொண்டிருக்கும். ‘நம்ம வீட்டுக்கும் இப்படி ஒண்ணு’ என்று மனசு அடித்துக்கொள்ளும். அந்த வீடியோவில் ஆடுகள் நூற்றுக்கணக்கில் இருப்பதும், நம் வீட்டில் ஒன்றுகூட இல்லாததும் அந்த நேரத்தில் உறைப்பதில்லை. இந்த நாய் குடும்பத்துக்கு ஒத்துவருமா என்பது பாதிக் கேள்விதான். அதற்குக் கொடுக்க வீட்டில் வேலை இருக்கிறதா என்பதே முழுக் கேள்வி. வேலை இல்லையென்றால் அது சும்மா படுத்துக் கிடக்காது. இருப்பவர்களை வைத்து ஒரு மந்தை அமைத்துக்கொள்ளும்.

யாரும் இந்த நாயைக் கொஞ்சுவதற்காக உருவாக்கவில்லை. 1893-இல் இங்கிலாந்தின் வடகோடியான நார்தம்பர்லாந்தில், ஆடம் டெல்ஃபர் என்பவரிடம் ஓல்ட் ஹெம்ப் என்றொரு நாய் பிறந்தது. குரைக்காமல், கடிக்காமல், கண்ணாலேயே ஆட்டை அடக்கும் அதன் பாணி அக்கம்பக்கத்து மேய்ப்பர்களுக்குப் பிடித்துப்போய், தங்கள் பெட்டை நாய்களை அதனிடம் கொண்டுவந்தார்கள். இன்றைய பார்டர் கோலிகளின் வம்சாவளியைத் தோண்டினால் பெரும்பாலும் அதில்தான் போய் முடியும். ஆறு வருஷம் கழித்து, 1899-இல், ஜெர்மனியில் மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் என்ற குதிரைப்படை அதிகாரி ஹோராண்ட் என்ற நாயை வாங்கி, ஜெர்மன் ஷெப்பர்டு இனப் பதிவேட்டில் முதல் பெயராக எழுதினார். அழகெல்லாம் அவருக்கு அப்புறம்தான். வேலை செய்தால்தான் நாய். ஓநாயின் வேட்டையில் நோட்டமிடுவது, பதுங்குவது, துரத்துவது, கவ்வுவது, கொல்வது என்று ஒரு வரிசை உண்டு. மேய்ப்பர்கள் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்து, முதல் மூன்றைத் தீட்டினார்கள், பின்னிரண்டை மழுக்கினார்கள். ஆக, தினமும் வேட்டைக்குப் புறப்பட்டு, எதையும் தின்னாமல் திருப்தியோடு வீடு திரும்பும் விசித்திரப் பிராணி ஒன்று கிடைத்தது. அதற்குக் கூலியே வேலைதான். கோழிக்கறியும் மெத்தையும் கொடுத்துச் சரிக்கட்டிவிடலாம் என்பது கணக்குத் தெரியாதவர் பேச்சு.

அப்படியென்றால் இத்தனை ஆயிரம் வருஷம் ஆடு மேய்த்த நம் ஊரில் ஏன் இப்படியொரு நாய் உருவாகவில்லை? நம்மவர்களுக்குத் திறமை போதாது என்று அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து எல்லைப்புறக் குன்றுகளில் ஆடுகள் ஆள் துணையில்லாமல் திசைக்கொன்றாகச் சிதறி மேயும். ஓநாய் அங்கே ஒழிந்து நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. எனவே அவர்களுக்குக் காவல் தேவைப்படவில்லை, திரட்டிக்கொண்டுவர ஆள்தான் தேவைப்பட்டது. நம் ஊரிலோ ஆட்டுக்காரர் காலையிலிருந்து மந்தையோடுதான் நடக்கிறார். கையில் கம்பு, தோளில் துரட்டி, தொண்டையில் நாலைந்து விதமான சத்தம். மந்தை அவர் சொல்படி கேட்கும். ராத்திரி யாராவது ஒருவர் கொல்லையில் கிடை போட்ட பிறகுதான் நரிக்கும் ஆட்டுத் திருடனுக்கும் பயம். அதற்குத்தான் நாய். பகலெல்லாம் வேலமர நிழலில் கட்டையாகக் கிடக்கும். இருட்டியதும் எழுந்து டியூட்டிக்கு வரும். ஆட்டை ஓட்டுவது மனுஷன் வேலை, ஆளை ஓட்டுவது நாய் வேலை. போடி, தேவாரம் பக்கத்து மலையடிவாரத்தில் மலைமாடு மேய்த்தவர்களின் ஏற்பாடும் இதுதான். சீமை மேய்ப்பு நாய்க்கு நாம் தர முடியாத, மந்தை ஓட்டும் உத்தியோகம் இங்கே காலியாக இருந்ததே இல்லை.

உத்தியோகம் இல்லாத ஊருக்கு அந்த உத்தியோகஸ்தரைக் கூட்டிவந்தால் என்ன ஆகும் என்று போடியின் ஒரு நடுத்தரக் குடும்பத்தில் வைத்துப் பாருங்கள். விடியுமுன்னே மலைமேல் ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றும் ஜீப்புகள் தெருமுனையில் உறுமத் தொடங்கும். ஓடுகிற எதையும் வளைத்து மறிப்பது இந்த நாயின் பிறவிக்குணம். ஜீப், டிவிஎஸ் எக்ஸெல், பள்ளி வேன், பால்காரர் என்ற பேதமெல்லாம் கிடையாது. ஒரு ஜீப்புக்குள் அத்தனை பேரை அடுக்கி முடிக்கும் டிரைவரைக் கண்டால் மட்டும் தொழில்முறை மரியாதையோடு ஒதுங்கி நிற்கும் என்பது என் ஊகம். அப்புறம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும், அப்பா ஏலக்காய்க் கடைக்கும், அம்மா காய் தரம்பிரிக்கும் இடத்துக்கும் போய்விட, சித்திரை வெயிலில், குளிர்தேசத்து இரட்டை ரோமத்தைக் கழற்றி வைக்க வழியில்லாமல், பூட்டிய வீட்டில் அது தனியே நிற்கும். பணி ஓய்வு பெற்ற மறுநாள் சமையலறைக்குள் புகுந்து மளிகை டப்பாக்களை அகரவரிசைப்படுத்தும் தலைமையாசிரியர் மாதிரி, தனக்குத் தானே ஒரு வேலையை நியமித்துக்கொள்ளும். சோபாவைப் பிரித்துப் பார்க்கும். சுவரில் சுழலும் ஃபேன் நிழலை மணிக்கணக்கில் மேய்க்கும்.

சாயங்காலம் மொட்டைமாடியில் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடும்போதுதான் அதற்கு உயிர் வரும். வட்டம் போட்டு ஒரு ஓட்டம், குதிகாலில் லேசாக ஒரு கவ்வு. ரத்தம் வராது, ஆனால் பிள்ளை நிற்கும், திரும்பும், சுவரோரம் போகும். கால் மணி நேரத்தில் மூன்று பிள்ளைகளும் தண்ணீர்த் தொட்டி மூலையில் ஒட்டி நிற்க, எதிரே நாய் முன்னங்கால்களை நீட்டித் தரையோடு படுத்துக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும். மூத்தவன் ஒரு காலை மெல்ல வெளியே வைப்பான். நாயின் காது மட்டும் அவன் பக்கம் திரும்பும். காலை உள்ளே இழுத்துக்கொள்வான். நாய் தப்பு எதுவும் செய்யவில்லை. 1893-இலிருந்து கற்றதைத்தான் செய்திருக்கிறது. அந்த வீட்டில் அதற்கு நிஜமான ஆடு கண்ணில் படுவது குலதெய்வத்துக்குக் கிடா வெட்டும் அன்றுதான். வாழ்நாளில் கிடைத்த ஒரே ஆட்டைச் சாயங்காலம் குழம்பில் பார்க்கிற துயரத்தை எந்த மேய்ப்பனுக்கும் கொடுக்கக் கூடாது.

‘அது உலகத்திலேயே புத்திசாலி நாயாச்சே, சொன்னால் கேட்டுக்கொள்ளாதா?’ என்பார்கள். புத்திசாலிதான், மறுக்கவில்லை. ஸ்டான்லி கோரன் என்ற உளவியல் பேராசிரியர் 1994-இல் வெளியிட்ட தரவரிசையில் பார்டர் கோலி முதலிடம், ஜெர்மன் ஷெப்பர்டு மூன்றாமிடம். புதுக் கட்டளையை ஐந்து தடவைக்குள் பிடித்துக்கொள்ளுமாம். ஆனால் கெட்டதையும் அதே ஐந்து தடவைக்குள்தானே பிடித்துக்கொள்ளும்? கேட் கொண்டியைத் திறப்பது எப்படி, பாட்டி எப்போது கண்ணயர்வார், எந்தக் குரைப்புக்கு பிஸ்கட் வரும் என்பதெல்லாம் முதல் வாரத்திலேயே பாடமாகிவிடும். அமெரிக்காவில் சேசர் என்ற பார்டர் கோலி 1,022 பொம்மைகளைப் பெயர் சொன்னால் எடுத்துவந்தது பிரசித்தம். அந்தச் செய்தியைப் பகிர்கிறவர்கள் அடுத்த வரியைப் படிப்பதில்லை. ஜான் பில்லி என்ற ஓய்வுபெற்ற உளவியல் பேராசிரியர் தினமும் நாலைந்து மணி நேரம் வீதம் மூன்று வருஷம் அதோடு உட்கார்ந்திருக்கிறார். நம் வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கே யாரும் நாலு மணி நேரம் ஒதுக்குவதில்லை, டியூஷனுக்கு அனுப்பிவிடுகிறோம். நாய்க்கு டியூஷன் வைத்தாலும் ஹோம்வொர்க் நம் தலையில்தான் விழும்.

‘அல்சேஷன் என்கிற ஜெர்மன் ஷெப்பர்டு நம் ஊரில் எத்தனையோ வீட்டில் இருக்கிறதே, போலீஸிலும் இருக்கிறதே’ என்பது அடுத்த ஆட்சேபம். போலீஸில் நாய்க்கென்றே ஒரு ஆளுக்குச் சம்பளம் கொடுத்து, காலையில் ஓட்டம், பகலில் பயிற்சி, அழைப்பு வந்தால் துப்பு என்று நாளை நிரப்பிவிடுகிறார்கள். அது நம் வாதத்துக்குத்தான் சாட்சி சொல்கிறது. வீடுகளில் சாதுவாக இருப்பவையும் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். அழகுப் போட்டிக்கென்று வளர்த்த வம்சத்தில் வேகம் குறைந்திருக்கலாம். நாய்க்கு நாய் குணம் மாறவும் செய்யும். விவரம் தெரிந்தவர்கள் 2022-இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஆராய்ச்சியையும் எடுத்து நீட்டுவார்கள். பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி வளர்ப்பவர்களிடம் கேட்டதில், ஒரு நாயின் குணத்தில் இனத்தின் பங்கு சுமார் 9 சதவீதம்தான் என்றது அது. ஆனால் அதே ஆராய்ச்சியில், மனிதர் சொல்லுக்கு ஆவலாகக் காது கொடுக்கும் தன்மையில் இனத்தின் கை மற்ற குணங்களைவிடக் கூடுதலாகத் தெரிந்தது. அதாவது, பார்டர் கோலி நம்மிடம் கட்டாயம் எதிர்பார்ப்பது ‘அடுத்து என்ன வேலை?’ என்பதற்கு ஒரு பதில். அந்த நேரம் பார்த்து நாம் செல்போனைத் தேய்த்துக்கொண்டிருப்போம்.

‘சரி, வீட்டில் வேண்டாம், மேலே தோட்டத்தில் விட்டால்? நல்ல குளிர், ஏக்கர் கணக்கில் இடம்’ என்று கடைசி ஆயுதத்தை எடுப்பார்கள். போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு ஏறினால் வெயில் பிரச்சினை தீர்ந்துவிடும் என்பது உண்மை. வேலைப் பிரச்சினை தீராது. இடம் இருப்பது வேறு, வேலை இருப்பது வேறு; பத்து ஏக்கருக்கு நடுவில் தனியாக விட்ட நாய் கேட்டடியில்தான் உட்கார்ந்திருக்கும். உட்காராமல் ஓடினால் அதைவிட மோசம். ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்தாலும், காய் பிடிப்பது அடியில், தரையை ஒட்டி நீளும் சரத்தில். காயெடுக்கும் பெண்கள் குனிந்து, சரத்தை ஒவ்வொன்றாகக் கையால் விலக்கி, முற்றிய காயை மட்டும் கிள்ளி, பிஞ்சை அடுத்த சுற்றுக்கு விட்டுவைப்பார்கள். அவர்கள் கால் வைக்கவே யோசிக்கிற இடத்தில் இருபது கிலோ நாய் வட்டம் போட்டால், இந்த வருஷ மகசூலைத் தரைவழியாக அறுவடை செய்ததாக ஆகும். பூவில் மகரந்தம் சேர்க்க வரும் தேனீயை மறிக்கப் போய் மூக்கு வீங்குவது தனி. ஏலத்துக்கு அடிக்கடி மருந்து அடிப்பார்கள். ஈரம் காயாத இலைக்குள் புரண்டு வந்து உடம்பை நக்கும் நாய்க்கு அது விஷம். போதாக்குறைக்கு மலையில் சிறுத்தை உண்டு. நாய் என்றால் அதற்கு விருந்து.

அப்படியானால் நாயே கூடாதா என்றால், அது என் கட்சியில்லை. போடியிலிருந்து தேவாரம் வழியாகப் போனால் பண்ணைப்புரம், அதைத் தாண்டினால் கோம்பை. முதல் ஊர் நாட்டுக்கு இளையராஜாவைக் கொடுத்தது. அடுத்த ஊர் குரைப்பில் கவனம் செலுத்தியது. செம்மண் நிறம், கறுத்த முகம், கட்டான உடம்பு கொண்ட கோம்பை நாயின் பெயரை 2020 ஆகஸ்டில் பிரதமரே வானொலி உரையில் சொன்னார். அதற்காக அதைத் தெய்வமாக்கவும் வேண்டாம். அதுவும் வேலைக்கார நாய்தான். வேட்டைக்கும் பழகிய இனம். 1972-இல் வனவிலங்குச் சட்டம் வந்ததும் அந்த உத்தியோகம் போயிற்று. அந்நியரை நம்பாது, சிலிண்டர் போடுபவரிடம் கேட்டால் மீதியைச் சொல்வார். ஆனால் ஒரு வித்தியாசம்: காவல் என்ற அதன் வேலை எந்த வீட்டிலும் இருக்கிறது. வாசலும் ராத்திரியும் இருந்தால் போதும், அதற்குப் பணி நியமனம் ஆகிவிடும். சும்மா படுத்திருப்பதும் அந்தப் பணியில் அடக்கம். பாசத்துக்கு வம்சச் சான்றிதழ் தேவையில்லை என்பதற்கு, சிரிப்பை ஒதுக்கிவைத்துச் சொல்ல வேண்டிய சான்றும் இந்த மலையிலேயே உண்டு. அதே 2020 ஆகஸ்டில் மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மண்சரிவு தொழிலாளர் லயங்களை மூடியபோது, நாட்கணக்கில் தேடி, தன் வீட்டுக் குழந்தையின் உடல் இருந்த இடத்தைக் காட்டிக்கொடுத்தது குவி என்ற சாதாரண நாட்டு நாய்.

இவ்வளவுக்குப் பிறகும் மேய்ப்பு நாய்தான் வேண்டும் என்பவர்களை நான் தடுக்கவில்லை. வேலை கொடுக்க முடிந்த வீடுகளில் அது தங்கமாக இருக்கும். தினமும் ஓடுகிறவர், பயிற்சியில் ருசி கண்டவர், மெய்யாகவே மந்தை வைத்திருப்பவர் தாராளமாக வாங்கலாம். மற்றவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு மாதம் பரீட்சை எழுதிப் பார்க்கட்டும். வெறும் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, ஜீப்புகள் கிளம்புவதற்கு முன் ஒரு மணி நேரம், கடை அடைத்த பிறகு ஒரு மணி நேரம் வேக நடை. நடுவில் அரை மணி நேரம் யாருக்காவது பொறுமையாக ஏதாவது கற்றுக்கொடுக்க வேண்டும். காயெடுப்பு உச்சத்தில் இருந்தாலும், மாமியார் வந்திருந்தாலும், ஐபிஎல் நடந்தாலும் ஒரு நாள்கூட விடக்கூடாது. தேறினால் நாயை வாங்குங்கள், கொடுத்துவைத்த நாய். தேறாவிட்டாலும் நஷ்டமில்லை: நாய் தப்பித்தது, சோபா தப்பித்தது, நடந்த நாட்களுக்கு உங்கள் சர்க்கரையும் கொஞ்சம் இறங்கியிருக்கும்.