இரண்டாம் கம்பி இயல்

கிட்டார் வாசிப்போர் இருவகைப்படுவர்: 'தியரி' படித்தவர், 'தியரியெல்லாம் எதுக்கு, கேட்டாலே வாசிச்சிடுவேன்' என்பவர். பின்னவரே மிகுதி என்பதற்குப் புள்ளிவிவரம் வேண்டியதில்லை. ஏதேனும் ஒரு கல்லூரி விடுதியின் மொட்டை மாடிக்கு ஒரு சாயங்காலம் போய்வந்தால் போதும். இவர்களைச் சோம்பேறிகள் என்று பியானோக்காரர்கள் ஏசுவதுண்டு. அந்தப் பழி வீண்பழி என்றும், குற்றமெல்லாம் இரண்டாம் கம்பியைச் சேர்ந்ததென்றும் நிறுவுவதே இவ்வாராய்ச்சியின் நோக்கம்.

கிட்டாருக்குச் சுருதி சேர்க்கும் முறையை ஆய்வு வசதிக்காக இப்படி நூற்பாவாக்கிக் கொள்ளலாம்:

ஐந்தே ஐந்தே ஐந்தே நான்கே
ஐந்தென மொழிப கம்பிவல் லோரே.

இதன் பொருள்: தடித்த ஆறாம் கம்பியை ஐந்தாம் ஃப்ரெட்டில் அழுத்தி, அந்த ஒலிக்கு ஐந்தாம் கம்பியைச் சேர்க்க. அதை ஐந்தில் அழுத்தி நான்காம் கம்பியைச் சேர்க்க. இவ்வாறே மேற்செல்க, மூன்றாம் கம்பியில் மட்டும் நான்காம் ஃப்ரெட்டை அழுத்தி இரண்டாம் கம்பியைச் சேர்க்க. அங்கு மட்டும் நான்கு ஆயது என்னையோ எனின், பெரும்பாலான வகுப்புகளில் கிடைக்கும் விடை 'அது அப்படித்தான்பா' என்பதே.

ஒரு ஃப்ரெட் என்பது ஒரு சுரஸ்தானம். ஆகவே ஐந்து ஃப்ரெட் தூரம் சட்ஜத்திலிருந்து சுத்த மத்தியமம். நான்கு ஃப்ரெட் தூரம் அந்தர காந்தாரம். ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்று நிற்கும் ஆறு கம்பிகளுக்கிடையே உள்ள ஐந்து இடைவெளிகளில் நான்கு 'ச–ம'. ஜிக்கும் பிக்கும் நடுவே மட்டும் 'ச–க'.

இந்த ஒரு ஃப்ரெட் குறைவு செய்யும் அட்டூழியத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். புதிதாகக் கற்பவர் ஈ மேஜர், ஏ மேஜர், டி மேஜர் என்று மூன்று கார்டுகளை மூன்று தனிப்பாடமாக நெட்டுருச் செய்கிறார். ஒவ்வொன்றிலும் அடிக்கம்பியிலிருந்து நான்கு கம்பிகளை எண்ணி, விரல் விழும் ஃப்ரெட்டைக் குறித்துப் பாருங்கள். ஈக்கு 0, 2, 2, 1. ஏக்கு 0, 2, 2, 2. டிக்கு 0, 2, 3, 2. மூன்றிலும் ஒலிப்பது அதே ச, ப, மேல் ச, மேல் க. பிடி ஒன்றே, இரண்டாம் கம்பியைத் தாண்டும் விரல்கள் மட்டும் ஒரு ஃப்ரெட் தள்ளி விழுகின்றன. ஒருவனே மூன்று மாறுவேடத்தில் வந்திருக்க, மாணவரோ மூவருக்கும் தனித்தனியாக வணக்கம் வைத்துக்கொண்டிருக்கிறார். இந்நிலையில் அவருக்குத் தியரி மேல் வெறுப்பு வராதிருந்தால்தான் வியப்பு.

அஃதேல், எல்லா இடைவெளியையும் ஐந்தாக்கி விடலாமே எனின், கூட்டிப் பார்க்க வேண்டும். ஐந்து ஐந்து இருபத்தைந்து. இரண்டு ஸ்தாயிக்கு இருபத்துநான்கு படிதான். ஒன்று மிஞ்சுவதால் முதற்கம்பி ஈயாக இராமல் எஃப் ஆகிவிடும். அப்போது சுட்டுவிரலால் ஆறு கம்பியையும் ஒருசேர அழுத்திப் பிடிக்கும் எஃப் கார்டில், மேலிரண்டு கம்பிகளுக்கு விரல் அந்தச் சுட்டுவிரலுக்கும் ஒரு ஃப்ரெட் பின்னால் போக வேண்டும். இப்போதே எஃப் கார்டில்தான் பாதிப் பேர் கிட்டாரைப் பரணில் ஏற்றுகிறார்கள். அந்த உபரி ஒன்றை எங்காவது கழித்தாக வேண்டும். முன்னோர் அதை ஜிக்கும் பிக்கும் நடுவே கழித்தனர். லூட் என்னும் மூத்த வாத்தியத்தில் இதே காந்தாரம் நட்டநடுவே, நான்காம் மூன்றாம் கம்பிகளுக்கிடையே இருந்தது. பரோக் காலத்து ஐந்து சோடிக் கம்பிக் கிட்டாரிலோ இன்றைய இடத்துக்கே வந்துவிட்டது. அடியில் ஆறாவது வந்து சேர்ந்தது 18ஆம் நூற்றாண்டின் கடைசியில்.

இங்கே எதிர்க்கட்சியார் பீட்டில்ஸைச் சாட்சிக்கு அழைப்பர். சுரக்குறிப்பு படிக்கத் தெரியாமலே உலகை ஆண்டார்களே என்பது வாதம். மெய்தான், ஆனால் பால் மெக்கார்ட்னி சொன்ன இன்னொரு கதையும் உண்டு. ஈ, ஏ இரண்டும் தெரிந்த பையன்கள், யாரோ ஒருவருக்குப் பி செவன்த் தெரியுமாம் என்று கேள்விப்பட்டு, லிவர்பூலின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பஸ் ஏறிப் போனார்கள். ஈயைச் சட்ஜமாகக் கொண்டால் ஏ மத்தியமம், பி பஞ்சமம். அதாவது ச, ம கைவசம் இருந்தது. ப இல்லாமல் பாட்டு வீடு திரும்பவில்லை. பஸ் டிக்கெட் எடுத்துப் படித்தாலும் தியரி தியரியே.

இன்றைய நிலை வேறு. கிட்டாரின் தலையில் கவ்வும் ட்யூனர், பச்சை விளக்கு எரிந்ததும் வேலை முடிந்தது என்கிறது. பழைய மாணவருக்கு 'ஏன் இங்கே மட்டும் நாலு?' என்ற கேள்வியாவது மிஞ்சியது. புதியவருக்கு அந்த நான்கு இருப்பதே தெரியாது.

கோளாறை அடியோடு நீக்கியவரும் உண்டு. அமெரிக்க ஜாஸ் கலைஞர் ஸ்டான்லி ஜார்டன் மேலிரண்டு கம்பிகளைச் சி, எஃப் என ஏற்றிக்கொண்டார். இரு கை விரல்களாலும் ஃப்ரெட்டின் மேல் தட்டியே வாசிப்பவராதலால், ஆறு கம்பியையும் சுட்டுவிரலால் அமுக்கும் தேவை அவருக்குக் குறைவு. எந்தப் பிடியை எங்கே நகர்த்தினாலும் உருமாறாது. இடர் ஒன்றுதான்: அப்படிச் சுருதி சேர்த்த கிட்டாரை இரவல் வாங்கி, பழகிய ஈ மேஜரை ஒருவர் மீட்டினால் ஈ, பி, ஜி ஷார்ப், சி, எஃப் எல்லாம் சேர்ந்து ஒலிக்கும். ச, ப, அந்தர காந்தாரம், சுத்த தைவதம், சுத்த ரிஷபம்: ரேவகுப்தி ராகத்தின் ஐந்து சுரங்களும், ஆரோகணம் அவரோகணம் என்று வரிசையில் நிற்கப் பொறுமையின்றி, ஒரே அடியில்.