பீட்ரூட் சார்

பால் பாக்கெட் வருவதற்கு முன்பே மிக்ஸி ஓடும் வீடு ஒன்று எல்லா அடுக்குமாடிக் குடியிருப்பிலும் இருக்கும். அதுதான் பீட்ரூட் சாரின் வீடு. வங்கியிலோ மின்வாரியத்திலோ இருந்து ஓய்வு பெற்றவர். மாஸ்டர் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட்டில் இரண்டு எண்கள் தடித்த எழுத்தில் வந்த அன்று காபியைத் துறந்தார். மறுநாளே ஊருக்கு உபதேசம் தொடங்கிவிட்டது.

கல்யாணமான நாள் முதல் பீட்ரூட் பொரியலைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கி வந்தவரும் இவர்தான். “என்ன இது, மண்ணைத் திங்கிற மாதிரி இருக்கு!” அவர் நாக்கின் மேல் தப்பில்லை. மழை பெய்ததும் தரையிலிருந்து மண்வாசனை கிளம்புகிறதே, அதற்குக் காரணமான ஜியோஸ்மின் பீட்ரூட்டிலும் உண்டு. வீட்டம்மா தேங்காய் துருவிப்போட்டு, கடுகு உளுத்தம்பருப்பு தாளித்து, எத்தனையோ வருஷம் போராடியும் உள்ளே போகாத கிழங்கு, ஒரே ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டில் பச்சையாகவே போய்விட்டது. அந்த அம்மாள் இதை இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கவும் வேண்டாம்.

அந்த பீட்ரூட் ஸ்மூத்தியின் செய்முறை என்னவோ எளிதுதான். ஒரு பீட்ரூட், இரண்டு சாத்துக்குடி, ஒரு கமலா ஆரஞ்சு, அரை மூடி எலுமிச்சம்பழம், துண்டு இஞ்சி. ஆனால் சார் செய்யும்போது அது யாகம். பீட்ரூட் ஊட்டியிலிருந்து வந்ததுதானா என்று காய்க்காரரிடம் குறுக்கு விசாரணை நடந்திருக்கும். சாத்துக்குடியின் வெள்ளைத் தோலையும் கொட்டையையும் எடுத்துவிட்டு அரைத்தால் கசக்காது. சார் எடுக்க மாட்டார். “சத்தே அதுலதான் இருக்கு.” சர்க்கரைக்கு அனுமதி இல்லை, தேன் மட்டும் மூன்று ஸ்பூன். “அது நேச்சுரல்.” ஸ்மூத்தி என்றால் வடிகட்டக் கூடாது, நார்ச்சத்து போய்விடும் என்பார். முதல் வாயில் இஞ்சி நார் தொண்டையில் சிக்கியதும் ரகசியமாக வடிகட்டியை எடுப்பார். அவருடைய பனியன்களில் வெள்ளை என்று சொல்லத்தக்கது எதுவும் மிச்சமில்லை.

லிஃப்டில் மாட்டிக்கொண்டால் வகுப்பு உண்டு. பீட்ரூட்டில் நைட்ரேட், வாயிலுள்ள பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், உடம்பில் அது நைட்ரிக் ஆக்சைடு ஆகும், ரத்தக் குழாய் விரியும், பிபி கொஞ்சம் இறங்கும். அத்தனையும் உண்மை. இங்கிலாந்தின் எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் 2009-ல் பீட்ரூட் சாறு கொடுத்து சைக்கிள் மிதிக்கவிட்டுப் பார்த்தார்கள். குடித்தவர்களுக்கு அதே வேலைக்குக் குறைவான ஆக்சிஜன் போதுமானதாக இருந்தது. மிதித்தவர்கள் இளவட்டங்கள். நம் சார் முதல் மாடிக்கே லிஃப்டில் போகிறவர். தவிர, ஸ்மூத்திக்கு முன்னால் மவுத்வாஷ் போட்டுக் கொப்பளிக்கும் வழக்கமும் அவருக்கு உண்டு. நைட்ரேட்டை மாற்றித் தர வேண்டிய பாக்டீரியாவில் பாதி அங்கேயே காலி. இதை யார் அவரிடம் சொல்வது? எனக்கு இன்னும் சில வருஷம் அதே லிஃப்டில் போயாக வேண்டும்.

“குடிங்க தம்பி, ரத்தம் ஊறும்” என்பது அடுத்த கட்டம். சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தமாகிவிடும் என்றால் ரோஸ்மில்க்கும் ஊற வேண்டும். நூறு கிராம் பீட்ரூட்டில் இரும்புச்சத்து ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. ஆரஞ்சின் வைட்டமின் சி இரும்பை உடம்பு உறிஞ்ச உதவும்தான். உறிஞ்ச இரும்பு வேண்டாமா? அந்தச் சிவப்பு, பீட்டானின் என்ற நிறமி. சிலருக்கு அது செரிக்காமல் சிறுநீரோடு வெளியேறும். அது தெரியாத முதல் வாரத்தில் சார் பாத்ரூமிலிருந்தே டாக்டருக்குப் போன் போட்டு, உயில் வரைக்கும் பேசிவிட்டார். “நேத்து என்ன சாப்பிட்டீங்க?” என்று டாக்டர் கேட்டபோது, குடித்ததைச் சொல்லவே தோன்றவில்லை. பக்கத்தில் நின்ற வீட்டம்மாதான், “பீட்ரூட்டுங்க டாக்டர்” என்றார். அந்தக் குரலில் இருந்த திருப்தியை விவரிக்க எனக்கு வார்த்தை போதாது.

அவர் வீட்டுக்குப் போக நேர்ந்தால் டம்ளர் நீட்டப்படும். சிறுநீரகக் கல் வந்த வரலாறு உங்களுக்கு இருந்தால் தயங்காமல் சொல்லிவிடுங்கள். பீட்ரூட்டில் ஆக்சலேட் அதிகம். மறுப்பதற்கு அது நியாயமான காரணம். கல் இல்லாதவர்கள் குடித்துத்தான் ஆக வேண்டும். புளிப்பும் இஞ்சியும் சேர்ந்து, நன்றாகவே இருக்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

சாருக்கு ஒரு விண்ணப்பம் மட்டும் உண்டு. அரைக்கிறவரும் குடிக்கிறவரும் நீங்கள். மிக்ஸி ஜாரும் வடிகட்டியும் மட்டும் தொட்டியில் வீட்டம்மாவுக்காகக் காத்திருக்கின்றன. குடித்த கையோடு அவற்றை நீங்களே கழுவி வையுங்கள். சக்கை காய்ந்துவிட்டால் வடிகட்டிக் கண்ணை விட்டு லேசில் வராது.